கண்ணாடி இறக்கிய கார்

“ஏம்மா சுபாஸ்ரீ, ஏசி இருக்கிற காரை வெச்சுக்கிட்டு, மே மாச வெயில்ல கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுற மனுஷனை நீ எங்கயாவது பார்த்திருக்கியா?”

மாடி வீட்டு சீதாராமன் இப்படிக் கேட்டதும் சுபாஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“பார்த்திருக்கேனாவா? கல்யாணமே பண்ணியிருக்கேன் சார்.”

அவள் கணவன் ஜகதீசனின் கார் பதினாறு வருஷப் பழசு. ராமச்சந்திராபுரத்திலிருந்து பட்டான்செருவுக்கு வேலைக்குப் போகும்போது, அங்கே மருந்துக் கம்பெனியில் இருக்கும் சீதாராமனையும் ஏற்றிக்கொண்டு போவான். சாயங்காலம் கூட்டியும் வருவான். இரண்டு மாதமாக ஏசி இல்லை. கேட்டால், “கம்ப்ரஸர் போச்சு. மாத்தினா பெரிய செலவு” என்பான்.

மூன்று வயசு மகள் ஹம்ஸினி கழுத்தெல்லாம் வேர்க்குருவோடு பின்சீட்டில் புழுங்குவாள். அதற்காக சுபாஸ்ரீ அவனோடு சண்டை போட்டு, இரண்டு நாள் பேசாமல்கூட இருந்து பார்த்தாள். பேசாமல் இருந்தது அவளுக்குத்தான் கஷ்டமாகப் போயிற்று.

இப்போது ஜகதீசன் ஆபீஸ் வேலையாகச் சென்னை போயிருந்தான்.

“இதுதான் சமயம். பாலாநகர்ல நம்ம தமிழ் ஆள் சங்கர் இருக்கான். கிளம்பு. உன் வீட்டுக்காரர் வர்றதுக்குள்ள சரி பண்ணிடுவோம்” என்றார் சீதாராமன்.

ஷிப்ட் முடிந்து அப்போதுதான் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியிருந்தார். மாடிக்குக்கூடப் போகாமல் சாவியை வாங்கி, அவரே காரை ஓட்டினார்.

மெக்கானிக் சங்கர் முதலில் ஏசி பைப்பில் மீட்டரை மாட்டிப் பார்த்தார். கேஸ் நிறைய இருந்தது. பெல்ட்டை அழுத்திப் பார்த்தார். அதுவும் நன்றாகவே இருந்தது. ஏசி சுவிட்சைப் போட்டார். காற்று வந்தது, சுடச்சுட.

“டக்குன்னு ஒரு சத்தம் கேக்கணும் மேடம். கேக்கல. கம்ப்ரஸர் ஓடல.”

“அது போயிடுச்சுன்னுதான் அவரும் சொன்னார்.”

“நக்கோ, நக்கோ” என்று அந்த ஊர் உருதுவில் ‘வேண்டாம்’ போட்டுத் தலையாட்டினார் சங்கர். “அதுக்குள்ள தீர்ப்பு சொல்லாதீங்க.”

பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நேராகக் கம்ப்ரஸருக்குக் கொடுத்தார். டக்! கொஞ்ச நேரத்தில் பைப் ஜில்லென்று வேர்த்தது.

“கம்ப்ரஸர் கிண்ணுன்னு இருக்கு! அதுக்குக் கரண்ட்தான் போகல.”

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தவர் சிரித்துவிட்டார்.

“இங்க பாருங்க. கம்ப்ரஸருக்குக் கரண்ட் விடுற ஏசி ரிலே இருக்க வேண்டிய இடம் காலி. தூசி போகாம மேல டேப் வேற ஒட்டியிருக்கு. இது ரிப்பேரே இல்ல மேடம். யாரோ வேணும்னே கழட்டியிருக்காங்க.”

சீதாராமன் துள்ளிக் குதித்தார்.

“பார்த்தியாம்மா! பெட்ரோலை மிச்சம் பிடிக்க, பெத்த குழந்தையை வேக வெச்சிருக்கார்! கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா?”

சுபாஸ்ரீக்குச் சுரீரென்றது. வரட்டும் சென்னையிலிருந்து. ஒரு வாரத்துக்கு மூன்று வேளையும் உப்புமாதான்.

சங்கர் புது ரிலே ஒன்றைச் செருகிவிட்டு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். பக்கத்தில் சீதாராமன். பின்சீட்டில் குழந்தையோடு சுபாஸ்ரீ.

“கண்ணாடியெல்லாம் ஏத்துங்க. கூலிங் எப்படின்னு பார்ப்போம்.”

காற்று ஐஸாக வந்தது. ஹம்ஸினி கழுத்தை நீட்டி நீட்டிக் காட்டிச் சிரித்தாள்.

இரண்டு நிமிஷம் போயிருக்கும். சங்கர் மூக்கைச் சுளித்தார்.

“என்னமோ நெடி அடிக்குதே... பெயின்ட்ல ஊத்துற தின்னர் மாதிரி.”

“கேஸ் லீக்கா இருக்கும்” என்றார் சீதாராமன்.

“ஏசி கேஸ் இப்படி நெடி அடிக்காதே சார்.”

சங்கர் இறங்கி பானெட்டுக்குள் மோந்து பார்த்தார். ஒன்றுமில்லை. உள்ளே வந்து, காற்று வரும் துவாரத்தில் மூக்கை வைத்தார். அங்கேயும் ஒன்றுமில்லை. கதவைச் சாத்தினால் மட்டும் நெடி தூக்கியது.

“எனக்கு ஒண்ணும் தெரியலையே! நல்ல காத்துதான் வருது” என்று சாய்ந்து உட்கார்ந்துகொண்டார் சீதாராமன்.

ஹம்ஸினி முன்சீட்டை நோக்கி விரலை நீட்டினாள். ப்ளே ஸ்கூல் போனதிலிருந்து அவளுக்குத் தெலுங்குதான் முதலில் வரும்.

“அம்மா, அங்கிள் தக்கர வாச...”

அங்கிள்கிட்டே வாசனை என்று அவள் சொல்லி முடிப்பதற்குள், சுபாஸ்ரீ சட்டென்று குழந்தையின் வாயைப் பொத்தினாள்.

எட்டு மணி நேரம் கெமிக்கல் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நிற்கிற மனுஷன். சட்டையிலும் தலைமுடியிலும் ஏறிய நெடி, அதிலேயே இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? அவர் இந்தக் காரில் வர ஆரம்பித்ததும் ஏசி கெட்டுப்போனதும் ஒரே வாரம். இதை அவளிடம் சொல்லியிருந்தால் மறுநாளே அபார்ட்மெண்ட் முழுக்கப் பரவியிருக்கும் என்று ஜகதீசனுக்குத் தெரியாதா என்ன!

“லீக்தான் அண்ணா” என்றாள்.

“மேடம், நான்தான் சொன்னேனே, கேஸ்...”

“லீக்தான்.”

சங்கர் தலைக்கு மேலிருந்த ரியர்வியூ கண்ணாடியில் அவளைப் பார்த்தார். பிறகு மெதுவாகப் பக்கத்து சீட்டைப் பார்த்தார்.

“ஹவ், ஆமா மேடம். லீக்தான். இந்த மாடலுக்கு பார்ட்ஸும் வர்றதில்ல.”

“அப்பவே சொன்னேன், ஓட்டை வண்டி!” என்று தலையில் அடித்துக்கொண்டார் சீதாராமன். “அந்தக் கஞ்ச மகாபிரபுவைக் கட்டிக்கிட்டு நீ எப்படித்தான் குடும்பம் நடத்துறியோ!”

“என்ன சார் பண்றது, வாய்ச்சது அப்படி.”

சிரித்துக்கொண்டே தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிட்டு, சுபாஸ்ரீ முன்பக்கம் எட்டிச் சொன்னாள்:

“சங்கர் அண்ணா, அந்த ரிலேவைக் கழட்டி என் கையில குடுத்துடுங்க.”