பின் சக்கரம்

“அங்க என்னய்யா பண்ற?”

இரண்டாம் மாடிச் சன்னலிலிருந்து எழுத்தர் போட்ட சத்தத்தில், சைக்கிளின் பின் சக்கரத்தருகே குந்தியிருந்த காவலாளி திடுக்கிட்டு எழுந்தார். வால்வின் மூடி அவர் கையில் இருந்தது.

எழுத்தர் படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கி வந்தார். டயரை அழுத்தினார். விரல் உள்ளே போயிற்று.

“மூணு நாளா எவன்னு தேடிக்கிட்டிருந்தேன். இன்னிக்குக் கையும் களவுமா மாட்டிக்கிட்ட.”

“சார், நான் காத்து இருக்கான்னுதான்...”

“இருக்கா இல்லையான்னு பாக்க நீ யாரு? நான் கேட்டேனா?”

காவலாளி குனிந்து வால்வின் மூடியைத் திருகி மாட்டினார்.

அந்த மனிதருக்குத் தம்மீது கறுவல் இருக்கும் என்பது எழுத்தருக்குத் தெரியும். கொட்டகையில் காவலாளியின் நாற்காலி கிடந்த மூலையைச் சைக்கிள் நிறுத்த வேண்டும் என்று போன மாதம் எழுதிக் கொடுத்து வாங்கியவர் எழுத்தர்தாம். நாற்காலி இப்போது திறந்தவெளியில் கிடக்கிறது. ஆனாலும் அந்தக் கறுவலை இப்படியா தீர்த்துக்கொள்வது?

மூன்று நாளாக மாலை ஐந்து மணிக்கு இறங்கி வந்தால் பின் சக்கரம் சப்பையாகக் கிடந்தது. எதிரே இருந்த சைக்கிள் கடையும் பூட்டிக் கிடந்தது. மூன்று மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு குழந்தைகள் காப்பகத்துக்குப் போனால், மற்றக் குழந்தைகளெல்லாம் போய்விட்டிருக்க, மகள் மட்டும் பையை மாட்டியபடி வாசற்படியில் உட்கார்ந்திருப்பாள்.

“இன்னும் ஒரு நாள் லேட்டாச்சுன்னா வேற எடம் பாத்துக்குங்க சார். எங்களுக்கும் வீடு வாசல் இருக்கு” என்று காப்பகத்து அம்மாள் நேற்றுக் கறாராகச் சொல்லிவிட்டாள். மனைவிக்கோ மாலை ஷிப்டு. குழந்தையை வேறெங்கே விடுவது?

எழுத்தர் நேரே மேலாளரிடம் போனார். புகாரைப் பிழையின்றி எழுதிக் கையெழுத்திட்டு நீட்டினார்.

“யோசிச்சுச் செய்யுங்க. ஒம்போது வருஷமா இருக்காரு” என்றார் மேலாளர்.

“இன்னிக்கு டயர்ல காத்து. நாளைக்கு பீரோ சாவி. அப்பவும் யோசிக்கலாம் சார்.”

மேலாளர் பெருமூச்சுவிட்டார். காவலாளியை அழைத்து, நாளை முதல் வர வேண்டாம், மற்றது கடிதத்தில் வரும் என்று சொல்லிவிட்டார்.

அன்று ஐந்து மணிக்குப் பின் சக்கரம் விறைப்பாக இருந்தது. ‘வேலை போனதும் பயம் வந்துடுச்சு’ என்று எழுத்தர் சிரித்துக்கொண்டார். காப்பகத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்ச் சேர்ந்தார்.

மறுநாள் மாலை வாயிலில் காவலாளி இல்லை. சக்கரம் சப்பையாகக் கிடந்தது.

எழுத்தர் வண்டியை எதிர்க் கடைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். கடைக்காரர் வால்வைக் கழற்றி, அதில் மாட்டியிருந்த ரப்பர்க் குழாயை இழுத்துப் பார்த்தார்.

“இது செத்துப் போச்சு சார். அந்த மூலையில மேற்கு வெயில் நேரா பின் சக்கரத்துலதான் விழுது. சூடு பட்டா ரப்பர் இளகிக் காத்த விட்டுடும். ஆறினா பிடிச்சுக்கும். ஒரு மாசமா இப்படித்தானே ஓடுது?”

“ஒரு மாசமாவா? நான் தினமும் இதுல ஏறித்தானே வீட்டுக்குப் போனேன்?”

“உங்க வாட்ச்மேன்தான் தினம் நாலரைக்கு வந்து பம்பு வாங்கிட்டுப் போயி அடிச்சு வைப்பாரே. ‘சார் கொழந்தைய அழைக்கப் போகணும், தள்ளிக்கிட்டுப் போனா நேரமாயிடும்’பாரு. நடுவுல மூணு நாள் நான் ஊர்ல இல்ல, பம்பு கெடச்சிருக்காது. நேத்துக்கூட வேலை போச்சுன்னு சொல்லிக்கிட்டே வந்து வாங்கி அடிச்சிட்டுப் போனாரு.”

எழுத்தர் டயரை மறுபடி அழுத்திப் பார்த்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

“நானும் அதத்தான் கேட்டேன். ‘நான் போய்ச் சொன்னா, காத்த எறக்குனதே நீதானம்பாரு’ன்னு சிரிச்சாரு.”

கடைக்காரர் புது ரப்பரை மாட்டினார். அது ஒரு விரல் நீளங்கூட இல்லை.

மகளைப் பின்னால் உட்கார வைத்து வீடு திரும்பும்போது, மேலாளரிடம் சொல்ல வேண்டியதை எழுத்தர் மனத்துக்குள் எழுதி எழுதித் திருத்தினார். கடைசியில் இரண்டே சொற்கள் மிஞ்சின: தவறு என்னுடையது.

காலையில் மேலாளரே கூப்பிட்டனுப்பினார். பணிநீக்கக் கடிதம் எழுத்தரின் புகாரோடு மேசைமேல் இருந்தது. பேனா திறந்திருந்தது.

“உக்காருங்க. எனக்கு மனசு கேக்கல. அவருதான் எறக்கினாருன்னா, அவரு இல்லாத நேத்து எறங்கியிருக்கக் கூடாது. எறங்கியிருந்தா சொல்லிடுங்க. இந்தத் தாளக் கிழிச்சுப் போட்டுட்டு, அவர இன்னிக்கே வரச் சொல்லிடுறேன்.”

எழுத்தர் வாயைத் திறந்தார்.

“என்ன ஒண்ணு, விசாரிக்காம புகார் குடுத்ததுக்கு உங்களுக்கு ஒரு மெமோ குடுக்க வேண்டியிருக்கும். தலைமை எழுத்தர் பதவி உயர்வுப் பட்டியல் வேற அடுத்த மாசம் வருது. பரவாயில்ல, அத அடுத்த வருஷம் பாத்துக்கலாம். சொல்லுங்க, நேத்து எறங்குச்சா?”

எழுத்தர் புகாரின் அடியில் இருந்த தம் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு சன்னலைப் பார்த்தார்.

“இல்ல சார். அவர் போனதிலேருந்து ஒரு தொல்லையும் இல்ல.”