பின்படி

கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஆறு பேரும் இருபது வருடங்களுக்குப் பிறகு மாத்தளையில் மஹ்ரூபின் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அந்த வீட்டில் விருந்தென்றால் ஆறு பேர் ஒரு சஹனைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். அறுவரில் ஒருவனான, தேயிலைத் தோட்டத்து வீரமுத்துவை இந்த முறை தன் பக்கத்திலேயே இருத்த வேண்டுமென்று மஹ்ரூப் நினைத்திருந்தார். படிக்கிற காலத்தில் அவன் வந்தபோது, குடும்ப மரியாதை போய்விடும் என்று வாப்பா அவனைப் பின்படியில் வைத்து இலையில் சோறு போட்டார். குடித்த கோப்பையையும் அவனையே கழுவிக் கவிழ்க்கச் சொன்னார். மஹ்ரூப் வாய் திறக்காமல் உள்ளே சஹனில் சாப்பிட்டார். இப்போது நினைத்தாலும் முகம் சுடும்.

இன்று ஐந்து பேர்தான் உட்கார்ந்தார்கள்.

“வீரமுத்து எங்க?” என்று கேட்டார் மஹ்ரூப்.

“ஒனக்குத் தெரியாதா மச்சான்? போன மாசமே செத்துப் போயிட்டானே. எரிக்கிற எடத்துக்கு நானும் போனேன்,” என்றார் நாவுலயிலிருந்து வந்த நுஹ்மான்.

மஹ்ரூபின் கை சோற்றிலேயே நின்றது.

திரைக்குப் பின்னாலிருந்து மனைவி றாபியா கூப்பிட்டாள்.

“இங்க கேளுங்க, ஒங்கட கூட்டாளி ஒருத்தர் பின்படியில இருக்காரு. உள்ள வாங்கன்னு எவ்வளவோ சொன்னேன். ‘என் எடம் இதுதாங்க’ன்னுட்டாரு. இலையில சோறு போட்டுக் குடுத்தேன்.”

நால்வரும் மஹ்ரூபைப் பார்த்தார்கள். அவர் தலை நிமிராமல் எழுந்து போனார்.

பின்படியில் ஆள் இல்லை. உண்ட இலை மடித்துக் கிடந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்திருந்த கோப்பையிலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருந்தது.