வெட்டிய துண்டுகள்

திரையில் பியூலா டீச்சர் பேச்சை நிறுத்திவிட்டார்.

கையில் மார்க்கர். பின்னால் வெள்ளைப் பலகையில் அவரே வரைந்த இதயம். நுரையீரலிலிருந்து வந்த ரத்தம் இடது ஆரிக்கிளுக்குள் நுழைந்தாயிற்று. அடுத்து எங்கே போக வேண்டும் என்று அவர் சொல்லவில்லை.

ரத்தம் அங்கேயே நின்றது.

எடிட்டிங் மேசையிலிருந்த அவன் வீடியோவை மேலே ஓட்டிப் பார்த்தான். பேசினால் ஏறி இறங்கும் குரல் கோடு வெகுதூரத்துக்குத் தட்டையாகக் கிடந்தது. அதன் முடிவில் டீச்சர் காமிராவைப் பார்த்து, "நான் இப்ப எதுக்கு நிக்கேன்?" என்று கேட்டார்.

பஸ் ஸ்டாண்டில் வழி கேட்பதுபோலத்தான் கேட்டார். பதற்றமெல்லாம் இல்லை.

டீச்சரின் பாட வீடியோக்களை வெட்டிச் சேர்ப்பது அவன் வேலை. நாலு நிமிடப் பாடத்தில் மூச்சு விடக்கூட இடம் கிடையாது. பார்க்கிறவர் விரல் சும்மா இருக்காது. கொஞ்சம் அசந்தால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிவிடும். 'ம்' போகும். 'அதாவது' போகும். தொண்டையைச் செருமுவது போகும்.

ஆறேழு மாதமாக வேறு சிலவும் போய்க்கொண்டிருந்தன.

சொன்னதையே திரும்பச் சொல்வது. எதிரே இருக்கும் படத்தில் கல்லீரலைத் தேடுவது. போன வருடம் இறந்துபோன கணவரிடம் தண்ணீர் கேட்பது.

எல்லாவற்றையும் வெட்டினான். வெட்டிய தடம் தெரியாமல் வெட்டுவதில் அவன் கெட்டிக்காரன். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. டீச்சருக்குத் தான் செய்கிற மரியாதை அது என்றுகூட நினைத்திருந்தான்.

மதியம் முழுக்கத் தடுமாறி எடுத்த பாடம், சேனலில் தங்குதடையில்லாமல் ஓடும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கமெண்டில் கும்பிடு போட்டார்கள். எஸ்.ஐ. தேர்வுக்குப் படிக்கும் கான்ஸ்டபிள் ஒருவர் வாராவாரம் வாழ்த்து எழுதினார். சங்கரன்கோவிலிலிருந்து ஓர் அம்மாள், தன் வால்வில் என்ன கோளாறு என்று டாக்டர் சொல்லிப் புரியவில்லை, டீச்சர் சொல்லித்தான் புரிந்தது என்று குரலில் பேசி அனுப்பினார்.

எல்லோருக்கும் புரிந்தது.

டீச்சர் பாளையங்கோட்டையில் தனியாக இருந்தார். ஒரே மகள் ஜெமிமா மஸ்கட்டில் நர்ஸ். போன வாரம் டீச்சர் கேஸ் அடுப்பைத் திறந்துவிட்டுப் பற்றவைக்காமலே சர்ச்சுக்குப் போய்விட்டார். வாடை வந்து பக்கத்து வீட்டுக்காரர் பூட்டை உடைத்தார்.

அன்றைக்கே அவன் ஜெமிமாவுக்கு எழுதினான். அம்மாவுக்கு மறதி முற்றிக்கொண்டு வருகிறது, இனிமேல் தனியாக விடுவது சரியில்லை, ஒரு தடவை வந்து பாருங்கள்.

பதிலுக்கு ஒரு வீடியோ வந்தது. அவனே வெட்டிப் போட்ட வீடியோ.

கீழே ஒரு வரி. "இதைப் பாத்துட்டுச் சொல்லுங்கண்ணே, எங்கம்மா எங்கயாவது தடுமாறுதாங்களா?"

பார்த்தான்.

எங்கேயும் தடுமாறவில்லை.

அவனுக்குத் தன் கைமேலேயே கோபம் வந்தது.

அதனால்தான் இன்றைக்கு, பாடம் எடுத்து முடித்ததும், டீச்சரை வீட்டுக்கு அனுப்பாமல் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்திருந்தான். எடுத்ததை எடுத்தபடி அவருக்குக் காட்டுவது வழக்கமில்லை. பார்த்தால் அவரே மகளைக் கூப்பிடுவார் என்று நினைத்தான்.

டீச்சர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். விடைத்தாள் திருத்துகிற பார்வை. நிறுத்தச் சொல்லவில்லை. அந்தக் கேள்வி வந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டார். ரத்தம் ஒருவழியாக இடது வெண்ட்ரிக்கிளுக்குப் போய்ச் சேரும்வரை இருந்து பார்த்தார்.

"ஜெமிமா பாத்தா பயந்துருவா," என்றார். "வெட்டிரு தம்பி. எப்பவும்போல."

எப்பவும்போல.

அப்படியானால் அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் தெரிந்துதான் இருந்திருக்கிறது. வாரம் தவறாமல் வெயிலில் வந்து நின்றது கான்ஸ்டபிளுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் மட்டும் இல்லை, மஸ்கட்டில் மகள் பார்ப்பாள் என்பதற்காகவும்தான்.

சரி டீச்சர் என்றான்.

வெட்டினான். அவர் பார்க்கப் பார்க்கவே வெட்டினான். பாடம் அழகாக வந்தது. இதயத்துக்குள் போன ரத்தம் எங்கேயும் நிற்காமல் சுற்றி வந்தது. சேனலில் ஏற்றினான்.

டீச்சருக்குத் திருப்தி. முகம் கழுவ எழுந்து போனார்.

வெட்டிய துண்டுகள் திரையின் அடியில் கிடந்தன. வழக்கமாக அழித்துவிடுவான்.

குழாய்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று சேர்த்தான். இப்போது அதில் பாடம் என்று ஒரு சொல்கூட இல்லை. டீச்சர் நிற்கிறார். பார்க்கிறார். கேட்கிறார். மறுபடி நிற்கிறார்.

டீச்சர் சொன்னதை அவன் தட்டவும் இல்லை. கேட்டான் என்றும் சொல்ல முடியாது.

ஜெமிமாவுக்கு அனுப்பினான். கூட ஒரு வரியும் எழுதவில்லை. போனைக் கவிழ்த்து வைத்தான்.

டீச்சர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தார். அடுத்த வாரம் சிறுநீரகமா என்று கேட்டார். ஆமாம் என்றான். படம் பெரிதாகப் போட வேண்டும், போன தடவை வரைந்தது அவரைக்காய் மாதிரி இருந்தது என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவனும் சிரித்துவைத்தான்.

டீச்சர் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலைத் தாண்டவில்லை. பைக்குள் போன் அடித்தது.

எடுத்துப் பெயரைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்நேரம் அவ டூட்டில இருப்பாளே," என்றார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.

டீச்சர் மெல்லத் திரும்பி அவனைப் பார்த்தார்.