செவிட்டு மாமனார்

டிவியில் வரும் சிரிப்புத் தொடரில் குடும்பமே தினம் அடித்துக்கொள்ளும். மாமனார் சபேசன் மட்டும் காது கேட்காமல் பேப்பர் படிப்பார்.

"அந்த ஆளுக்கு நல்லாக் காது கேக்கும். அத்தனையும் நடிப்பு" என்று நூறு எபிசோடாகச் சொல்லி வந்தது, எதிர்ச் சுவரிலிருந்து டிவி பார்க்கும் பல்லி. ஊரே பல்லி சொன்னால் பலிக்கும் என்கிறது. பக்கத்துக் கடிகாரம் மட்டும் கேலி செய்தது.

இன்றைய எபிசோடில், அடுக்களையில் மருமகள், "ஜாங்கிரி மூணுதான் இருக்கு" என்று முணுமுணுத்தாள். ஹாலில் சபேசன் சட்டென்று எழுந்தார்.

"பாத்தியா! நான் சொன்னேன்ல!" பல்லி சுவர் முழுக்க ஓடிக் குதித்தது.

"ஒத்துக்கறேன்ப்பா, நீ கெட்டிக்காரன்தான்" என்றது கடிகாரம். "உனக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

டியூப்லைட்டுக்குப் பின்னாலிருந்து பல்லியின் பெண்டாட்டி நாலாவது தடவையாகக் கத்தினாள்: "இந்த முட்டையைக் கொஞ்சம் பாத்துக்குங்களேன்!"

அது மட்டும் பல்லியின் காதில் விழவே இல்லை.