மாதம் ஒரு குடுவைச் சேறு

சாயோராவின் கிண்ணத்தை மவ்லூதா விளிம்புவரை நிறைத்துவிட்டாள்.

ஊற்றிய பிறகுதான் உறைத்தது. சிர் தரியா ஆற்றங்கரையில் பாதிக் கிண்ணம் தேநீர் என்றால் இன்னும் கொஞ்சம் இரு என்று பொருள். முழுக் கிண்ணம் என்றால், குடித்துவிட்டுக் கிளம்பு.

கண் சாயோராவின் மேலேயே இருந்ததுதான் காரணம். சாயோரா சேற்றுக் குடுவையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, சேற்றில் கிடந்த நீலத் துகள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் தாஷ்கண்டில் ஓர் ஆய்வகத்துக்காரி. பருத்திக்கு அடித்த மருந்து ஆற்றடிச் சேற்றில் எவ்வளவு தங்கியிருக்கிறது, பிளாஸ்டிக் துகள் எவ்வளவு என்று பார்ப்பது வேலை. மாதம் ஒரு குடுவை மவ்லூதா அள்ளி வைப்பாள். இவள் வந்து எடுத்துப்போவாள்.

தெருப் பெண்களுக்கு இது நல்ல தீனி. கணவன் போய்ச் சேர்ந்து, மகன்கள் ரஷ்யாவிலேயே தங்கிவிட்ட மவ்லூதா நமக்குப் பச்சைத் தண்ணீர் தரமாட்டாள், சேறு வாங்க வருகிறவளுக்கு மட்டும் பூசணி சம்சா சுடுவாள் என்றார்கள். அந்தப் பெண்ணும் மூன்று மணி நேரம் பஸ்ஸில் வருகிறதே, அதற்கு வீடு வாசல் கிடையாதா என்றும் விசாரித்தார்கள்.

பிப்ரவரியில் சாயோரா ஒரு சேதி சொல்லியிருந்தாள். இந்தப் பக்கத்துச் சேறு சுத்தமாகி வருகிறதாம். இப்படியே போனால் இங்கே எடுப்பதை நிறுத்திவிடுவார்களாம்.

ஊரே சந்தோஷப்பட வேண்டிய சேதி. மவ்லூதா அன்று ரொட்டியைத் தொடவே இல்லை.

இப்போது அக்டோபர்.

சாயோரா குடுவையை வைத்துவிட்டு முழுக் கிண்ணத்தைப் பார்த்தாள். மறுபேச்சில்லாமல் குடித்தாள். பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

மவ்லூதா வாசலை மறித்து நின்றாள்.

"அந்த நீலத் துகளெல்லாம் ஆத்துல வந்தது இல்லம்மா. என் பிளாஸ்டிக் வாளியைக் கத்தியால சீவி நாந்தான் போட்டேன். மாசாமாசம். சேறு சுத்தமாயிட்டா நீ வரமாட்டியே."

சாயோரா பையைக் கீழே வைத்தாள். திரும்பிப் போய் அதே இடத்தில் உட்கார்ந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று மவ்லூதாவுக்குப் பிடிபடவில்லை.

"இந்த ஆராய்ச்சிய மார்ச்சுலயே மூடிட்டாங்கக்கா," என்றாள்.