மணியில் அடைத்த துணி

இதைச் சொல்லும்போது முன்னே பின்னே ஆகி, யார் மேலாவது வீண் பழி விழுந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அதனால் மணியிலிருந்தே தொடங்கிவிடலாம்.

இருமல் மருந்தைப் பாட்டிலில் அடைக்கிற கம்பெனி அது. வேறு கம்பெனி அதை வாங்கிய கையோடு, புது மேனேஜர் ஒவ்வொரு மேஜையிலும் ஒரு மணியைத் தொங்கவிட்டார்.

"தப்பு எது கண்ணுல பட்டாலும் அடிங்க. மெஷின் நிக்கட்டும். யாரும் திட்ட மாட்டாங்க."

அவர் தலை மறைந்ததும் சூப்பர்வைசர் வந்தார். அங்கே வேலை பார்க்கும் பெண்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் முசுடு.

"யாருக்காவது கை அரிக்குதா? பழைய முதலாளிகிட்ட தப்பு பண்ணவன் இருப்பான், அதைச் சொன்னவ வீட்டுக்குப் போயிடுவா. மறந்துட்டீங்களா? போர்டு மாறினா புத்தி மாறிடுமா? முழங்கை பட்டுக்கூட சத்தம் வரக் கூடாது. துணியை அடைங்க."

தன் மேஜை மணியில் கைக்குட்டையைத் திணித்து அவரே வழி காட்டினார்.

"பூனைக்கு யாரு மணி கட்டுறதும்பாங்க. இங்க பூனையே வந்து கட்டிட்டுப் போயிருக்கு," என்றாள் பக்கத்து மேஜைக்காரி.

மூடி இறுகியிருக்கிறதா என்று பார்க்கும் மேஜையில், எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவள் இருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. தன் மணியில் துணியை மற்றவர்களைவிட இறுக்கமாகவே அடைத்தாள்.

அன்று மதியம் ஒரு மூடியைத் திருகினாள். சும்மா சுற்றியது. அடுத்ததும் அப்படியே.

"மூடி நிக்க மாட்டேங்குதுடி."

"என்னைக்கு நின்னுச்சு? கையால அமுக்கி விடுக்கா. நமக்கெதுக்கு வம்பு."

அமுக்கினாள். கழன்று வந்தது. பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டிருந்தது. ஏதோ ஒரு வீட்டில், ஏதோ ஒரு குழந்தை இனிப்பாயிருக்கிறதே என்று பாட்டிலோடு கவிழ்த்துக்கொண்டால்?

மணியிலிருந்து துணியை உருவினாள். அடித்துவிட்டாள்.

மெஷின் நின்றது. ஒருத்தியும் அவள் பக்கம் திரும்பவில்லை. காட்டிக்கொடுக்காமல் இருந்ததே பெரிய உபகாரம்.

முசுடு ஓடி வந்தார். அவள் கையிலிருந்த துணியைப் பார்த்தார். மூடியைத் திருகிப் பார்த்தார்.

"கெடுத்தியேம்மா," என்று முணுமுணுத்தார்.

பின்னாலேயே மேனேஜர். "யார் அடிச்சது?"



"நான்தான் சார்," என்றார் முசுடு. "மூடி சரியில்ல. எது பண்றதா இருந்தாலும் என்னைப் பண்ணுங்க. இவங்களை விட்டுடுங்க."

மேனேஜர் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்தார். மூடி தானாகவே வந்துவிட்டது. முகம் வெளுத்தது.

"போன பெட்டியெல்லாம் திரும்பி வரட்டும்," என்றவர், முசுடுவிடம் கையை நீட்டினார். "பெரிய ஆபத்திலிருந்து காப்பாத்தினீங்க. ரொம்ப நன்றி."

முசுடு அந்தக் கையைப் பிடிக்கவில்லை. ஒதுங்கி நின்று, அக்காவைக் காட்டினார்.

"திட்டு விழும்னு நினைச்சுதான் நான்னு சொன்னேன் சார். நன்றின்னா, அது அந்தம்மாவுக்கு."

மறுநாள் அக்கா எல்லாருக்கும் முந்தி வேலைக்கு வந்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று, முசுடு மேஜை மணியில் திணித்திருந்த கைக்குட்டையை உருவி, மடித்து, அவர் நாற்காலி மேல் வைத்தாள்.