ஒரிஜினல்

பெரம்பலூர் கம்ப்யூட்டர் கடை மேசையில், என் கணவரின் இறந்துபோன முதல் மனைவி அம்பிகாவின் கம்ப்யூட்டர் இருக்கிறது. கண்ணாடிக் கதவு வழியே விழும் வெயிலில் அதன் தூசி மின்னுகிறது. "புதுசு போட்டா அவ வரைஞ்ச எம்பிராய்டரி டிசைன் திறக்காது பாய். அதே பழைய விண்டோஸ்தான் வேணும்," என்கிறார் கணவர், கடைக்காரர் ஷஃபியுல்லா பாயிடம். "லைசென்ஸ் கெடைக்கறது கஷ்டங்க. டூப்ளிகேட் போட்டுரவா? யாரு பாக்கப் போறா?" "வேணாம். ஒரிஜினல்தான்." அந்தச் சொல்லைக் கேட்டு நான் கைப்பையின் வாரை முறுக்குகிறேன். ஷஃபியுல்லா பாய் அலமாரியில் தேடி, பிரிக்காத பழைய விண்டோஸ் உறை ஒன்றைக் கிழித்து, உள்ளே இருப்பதை அழிக்காமல் போட்டு, அதிலுள்ள லைசென்ஸ் எண்ணை அடிக்கிறார். திரை நீலமாகி, அம்பிகா என்ற பெயர் வருகிறது. "பாஸ்வேர்டு சொல்லுங்க அம்பிகாக்கா," என்று பாய் என்னைப் பார்க்கிறார். கணவர் திருத்தவில்லை. பூவரசன் என்று அவர் பெயரை நானே அடிக்கிறேன். திறந்துகொள்கிறது. என் போனுக்கும் அதே பாஸ்வேர்டுதான்.